அடித்துணிக்கு ஒரு சேலை

டிசம்பர் 4, வியாழன்

காலையில் பனி. எதிர்வீட்டு முருங்கை மரம்கூடத் தெரியவில்லை. நேற்று தீபத்துக்கு வைத்த அகல்கள் மதில்மேல் அப்படியே கிடக்கின்றன. எண்ணெய் வழிந்து கறை. தேய்க்க வேண்டும். நாளைக்கு.

தைக்க வேண்டியவை: பிளவுஸ் மூன்று. பால் சொசைட்டிக்காரர் மகளுக்குப் பாவாடை. டீச்சரம்மா சுடிதார், இடுப்பில் பிரித்துவிட வேண்டும் (மறுபடியும்). ஒன்றையும் தொடவில்லை. பிட்டுத் துணி மூட்டையை அவிழ்த்துக் கொட்டி, நாள் முழுக்க அதற்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

பவிக்குப் போர்வை தைக்கப் போகிறேன். பவிக்கு என்றால், பவி வயிற்றில் இருக்கிறதே, அதற்கு. பொங்கலை ஒட்டி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

போனில் வீடியோ பார்த்துப் பார்த்து வந்த ஆசை இது. மூன்று அடுக்கு. மேலே சின்னச் சின்னத் துண்டுகளை ஒட்டிய துணி. நடுவில் பஞ்சு. அடியில் ஒரே துணி, மெத்தென்று. அதுதான் பிள்ளை உடம்பில் படுவது. மூன்றையும் சேர்த்துக் கட்டம் கட்டமாகத் தையல். வீடியோவில் குயில்ட் என்கிறார்கள். நான் பஞ்சுப் போர்வை என்கிறேன். இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, கோணிக்கு ஒட்டுப் போடறியா?" என்றார். இவருக்குத் தக்காளித் தோட்டத்தைத் தவிர உலகத்தில் எல்லாமே கோணிதான்.

டிசம்பர் 5, வெள்ளி

அகல் இன்னும் மதில்மேல்.

மேல்துணி பொறுக்கினேன். ஒவ்வொரு பிட்டிலும் ஒரு நூலை உருவி அடுப்பில் காட்டினேன். பருத்தி என்றால் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி உருண்டையாகும். "சுத்தக் காட்டன்" என்று சத்தியம் பண்ணிக் கொடுத்த துணியெல்லாம் உருண்டை உருண்டை. எல்லாரும் பிளவுஸ் என்ற பேரில் பிளாஸ்டிக் பையைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறோம்.

இவர் வாசலில் இருந்து, "யார் வூட்டுல டயர் எரிக்கறாங்க?"

தேறியவை: மஞ்சளில் வெள்ளைப் புள்ளி. கத்தரிப்பூ நிறம். வானநீலம் இரண்டு விதம். பவி ப்ளஸ் டூ படிக்கும்போது போட்ட சுடிதாரில் மிச்சம், இளம்பச்சை. சிவப்பு மூன்றும் நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்ததும் சாயம் விட்டது. கழித்தேன். கறுப்பு வேண்டாம். பவி அம்மாவின் அக்கா செல்வி, சகுனம் பார்க்கிறவள், பார்த்தால் நெஞ்சடைத்துப் போவாள்.

டிசம்பர் 6, சனி

பவி வந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள மதிலில் ஓர் ஆள் நுழைகிற சந்து உண்டு. பாகம் பிரித்தபோது அதை மட்டும் அடைக்கவில்லை. இப்போது வயிற்றோடு அதில் நுழைய முடியாமல் தெருவைச் சுற்றி வருகிறாள். "பெரிம்மா, நான் லாரி மாதிரி ஆயிட்டேன். ரிவர்ஸ் எடுக்க ஒரு ஆள் வேணும்."

நெல்லிக்காயும் உப்பும் கொடுத்தேன். மிஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து தின்றாள்.

என் கொழுந்தன் மகள். பெற்றது கலா, வளர்ந்தது இந்த மிஷின் காலடியில். கலா சத்துணவு மையத்துக்கு வேலைக்குப் போகும்போது இவளை என்னிடம் விட்டுப் போவாள். மிஷின் பெடலில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருப்பாள், நான் ஒரு வேலை செய்ய முடியாது. எனக்குப் பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரி, கோயில், மருந்து எல்லாம் பார்த்து ஓய்ந்து வெகுகாலம் ஆகிறது. நானாக அதை நினைப்பதில்லை. நினைக்க வைக்கிறார்கள்.

போன மாதம் வளைகாப்பு. வளையலை எடுத்துக்கொண்டு பவி பக்கத்தில் போனேன். கலாவின் அக்கா செல்வி, மொரப்பூரில் வாழ்க்கைப்பட்டவள், குறுக்கே வந்து, "புள்ள பெத்தவங்க மொதல்ல போட்டுடட்டுங்க, நீங்க அப்புறமா போடலாம்" என்றாள். தன்மையாகத்தான் சொன்னாள். அந்த அப்புறம் வரவே இல்லை. நான் பந்திக்கு இலை போடப் போய்விட்டேன். வளையல் பீரோவில் இருக்கிறது. வலித்தது. எழுதியாகிவிட்டது, போதும்.

பவி கிளம்பும்போது என் முந்தானையை எடுத்து வாய் துடைத்தாள். சின்ன வயதுப் பழக்கம். கனகாம்பர நிறக் கைத்தறி, துவைத்துத் துவைத்து நிறமே பாதிதான் மிச்சம். "இந்த மாதிரி மெத்துன்னு இருக்கணும் பெரிம்மா, பாப்பாவோட போர்வை."

"இருக்கும் இருக்கும். நீ மொதல்ல வாயக் கழுவு."

டிசம்பர் 8, திங்கள்

மேகமூட்டம். அகலைக் கழுவிவிட்டேன். கறை போகவில்லை.

சாயங்காலம் கலா வந்தாள். சந்து வழியாக வந்தும் உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏதோ இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, பழைய துணிதான் என்பது எங்களுக்கெல்லாம் தெரிந்த வழக்கம். அதனால் அடித்துணிக்கு நல்ல பழைய காட்டன் சேலை வேண்டும் என்று போன வாரமே நான்தான் கலாவிடம் சொன்னேன். அவள் அதைப் போனில் செல்வியிடம் சொல்லியிருக்கிறாள். செல்வி சட்டம் போட்டுவிட்டாள்.

"அக்கா, அது வந்துங்க... அடியில வெக்கிற துணி... புள்ள மேல படறது இல்லீங்களா... புள்ள பெத்தவங்க கட்டுன சேலையா இருந்தா நல்லதுன்னு எங்க அக்கா சொல்லுது. நான் ஒண்ணும் சொல்லலக்கா. அதுதான் சொல்லுது."

"அதுக்கென்ன, தேடிப் பாக்கலாம்" என்றேன்.

"தப்பா நெனச்சிக்காதீங்க."

"இதுல என்ன இருக்குது கலா. காப்பி குடிக்கறியா?"

குடிக்கவில்லை. போய்விட்டாள். மிஷினுக்கு எண்ணெய் விட்டேன். போன வாரம்தான் விட்டிருந்தேன்.

என் சேலையைத்தான் போட வேண்டும் என்று நான் சொன்னேனா? சொல்லவில்லை. நினைத்தேன். நினைத்ததுகூடத் தெரிந்துவிடுகிறது போல.

டிசம்பர் 10, புதன்

சேலை வேட்டை. ஒரு தெரு முழுக்க அலைந்தேன். விளங்காத தெரு.

டீச்சரம்மா: எல்லாம் ஷிபான். "காட்டன அயர்ன் பண்ணி யாரால மாளும்?"

கொத்தனார் சம்சாரம்: இருந்ததாம், வீடு துடைக்கக் கிழித்தாகிவிட்டதாம். கிழிசலைக் காட்டவும் காட்டினாள்.

மூலைவீட்டுத் தெலுங்குக்காரம்மா ஒரு நைட்டியைக் கொண்டுவந்தாள். "சேலை எவ கட்றா இப்ப? இதை எடுத்துக்கம்மா. மூணு புள்ள பெத்த நைட்டி." சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தாள். நல்ல மனுஷி. நைட்டி பாலியஸ்டர்.

கலாவிடம் கேட்கவே வேண்டாம். கல்யாணமானதில் இருந்து வழவழப்பு ரகம்தான்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். இந்தத் தெருவில் தினமும் காட்டன் சேலை கட்டுகிறவள் நான் ஒருத்திதான். மிஷினில் உட்கார்ந்தால் மற்றதெல்லாம் உடம்பில் ஒட்டிக்கொள்கிறது, கசகசவென்று. டிரங்குப்பெட்டியில் என்னுடைய பழசு ஏழெட்டு இருக்கும். எல்லாம் வெண்ணெய் மாதிரி. மூடி வைத்தேன்.

டிசம்பர் 12, வெள்ளி

பஞ்சு ஆராய்ச்சி. சேலை கிடைக்கிறவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது.

பஞ்சில் எது நல்லது என்று தெரியவில்லை. சின்னதாகச் சாம்பிள் தைத்துத் துவைத்துப் பார்த்துவிடலாம் என்று முடிவு. சாம்பிளுக்கு அடித்துணி வேண்டுமே. கனகாம்பரச் சேலை முழங்காலுக்குக் கீழே மிஷினில் மாட்டி லேசாகக் கிழிந்திருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து வெட்டினேன். சாம்பிள்தானே. அதற்கு யார் சேலையாக இருந்தால் என்ன.

முதல் சாம்பிள், இலவம் பஞ்சு. பழைய தலையணையைப் பிரித்தேன். வீடெல்லாம் பறந்தது. மூக்கில், ரசத்தில், சாமி படத்தில். இவர் தும்மிக்கொண்டே தோட்டத்துக்குப் போய், சாப்பாட்டுக்குக்கூட வராமல் போன் பண்ணி, "அடங்கிருச்சா?" என்று கேட்டார்.

இரண்டாவது, ஃபைபர் ஷீட். தர்மபுரியில் தையல் சாமான் கடையில் வாங்கியது. வெட்டினோமா, வைத்தோமா, தைத்தோமா. வேலை சுலபம்.

டிசம்பர் 14, ஞாயிறு

துவைத்துப் பார்த்தேன்.

இலவம்: பஞ்சு முழுக்க ஒரு மூலைக்கு ஓடி, எலி செத்துக் கிடக்கிற மாதிரி கட்டி. தூக்கிப் போட்டேன்.

ஃபைபர்: அப்படியே இருக்கிறது. ஆனால் மடியில் விரித்துக் கையை வைத்தால் கொஞ்ச நேரத்தில் வேர்க்கிறது. பிள்ளையைப் பொட்டலம் கட்டின மாதிரி ஆகிவிடும். வேண்டாம்.

மதியம் மெத்தைக் கடை பாயிடம் போனேன். பருத்திப் பஞ்சை மிஷினில் அடித்துச் சன்னமாகத் தட்டிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். "எவ்ளோ பெரிய கட்டிலும்மா?" கட்டில் இல்லை, கைக்குழந்தை என்றதும் சிரித்தார். அப்பளம் போலத் தட்டிக் காகிதத்தில் சுருட்டிக் கொடுத்தார். "கட்டத்த நெருக்கமா தைங்க. கை அகலத்துக்கு மேல போனா ஓடிப்புடும்."

மூன்றாவது சாம்பிளைக் கொஞ்சம் பெரிதாகவே தைத்தேன். கைக்குழந்தையைச் சுற்றுகிற அளவுக்கு இருக்கும். மேலே மஞ்சள் புள்ளியும் வானநீலமும். அடியில் கனகாம்பரம். சாம்பிளுக்கு எதற்கு இவ்வளவு அழகு என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஓரத்துக்குப் பட்டிகூட வைத்தேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்தது. எழுந்து கோலம். விரல் விறைத்து இழை கோணிப்போனது. பூசணிப்பூ வைத்து மறைத்தேன்.

மூன்றாவது சாம்பிளை அடித்து, கும்மி, வெந்நீரில் அலசி, என்னவெல்லாம் கொடுமை உண்டோ செய்தேன். பஞ்சு ஓடவில்லை. துவைக்கத் துவைக்க இன்னும் மெத்தென்று ஆகிறது.

சூடு நிற்கிறதா என்று பார்க்க எங்கள் கிழட்டுப் பிளாஸ்கைச் சுற்றிக் கட்டி வைத்தேன். அதில் காலையில் ஊற்றினால் பத்து மணிக்கெல்லாம் பச்சைத் தண்ணீர். இன்று மத்தியானம் மூடியைத் திறந்தால் ஆவி வருகிறது! இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"சுடுதண்ணிக்குப் போர்வை போத்துனவ கடத்தூர்லயே நீ ஒருத்திதான்" என்றார். ஆனால் அந்த வெந்நீரில்தான் முகம் கழுவினார்.

பஞ்சு முடிவாகிவிட்டது. சாம்பிள் இனி பிளாஸ்குக்கு. அவ்வப்போது துவைத்துக்கொள்ளலாம்.

டிசம்பர் 18, வியாழன்

செல்வி மொரப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். முட்டி வலியோடு, கையில் முறுக்கு டப்பா, ஒரு மஞ்சப்பை. பையில் சேலை. காட்டன்தான், நல்ல அரக்குக் கரை, கரும்பச்சை உடல்.

"பத்து வருசத்துப் பழசுங்க. நாலு புள்ள பெத்தவ நான், ஒண்ணுகூட நோய் நொடின்னு படுத்ததில்ல. என்னோடத போடுங்க. உங்க கைராசி, நல்லா அமையும்."

கைராசி உண்டாம். சேலைக்குத்தான் ராசி இல்லையாம். சொல்லவில்லை. முறுக்கு நன்றாக இருந்தது. அதைச் சொன்னேன்.

சேலை கொஞ்சம் விறைப்பு. கஞ்சி போட்டு மடித்திருப்பாள் என்று விட்டுவிட்டேன். கரையை மட்டும் வெட்டி எடுத்தேன். மேல்துணியும் ஒட்டி முடிந்தது. பார்க்க நன்றாக இருக்கிறது. நானே சொல்கிறேன், நன்றாக இருக்கிறது.

டிசம்பர் 21, ஞாயிறு

வெயில் வந்தது. மூன்று அடுக்கையும் சேர்த்து, நகராமல் இருக்கக் கையால் ஓட்டுத்தையல் போடும் நாள்.

இதை ஒற்றை ஆளாகச் செய்ய முடியாது. அடித்துணியை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தால்தான் சுருக்கம் இல்லாமல் பஞ்சு உட்காரும். இவரைக் கூப்பிட்டால் மாட்டுக் கயிறு மாதிரி இழுப்பார். கலாவைக் கூப்பிட்டேன்.

ஹாலில் விரித்தோம். அவள் அந்தப் பக்கம் மண்டியிட்டு, நான் இந்தப் பக்கம். பவி நாற்காலியில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கோத்துக் கொடுத்தாள். பாட்டு வேறு. குரல் எங்கள் குடும்பத்திலேயே யாருக்கும் கிடையாது, இவளுக்கும் கிடையாது.

பவி பாத்ரூம் போன நேரம் பார்த்துக் கலா ஆரம்பித்தாள். "அக்கா, வளைகாப்பு அன்னிக்கு..."

"இழு கலா. உன் பக்கம் சுருங்குது."

இழுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "நான் அப்பவே எங்க அக்காகிட்ட சொல்லியிருக்கணுங்க. கூட்டத்துல வாய் வரல."

"ஊசியப் பாரு. விரல்ல ஏறிடப் போவுது."

அவள் கண் கலங்கியிருந்தது. இரண்டு பேரும் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஓட்டுத்தையல் நேராக வந்திருக்கிறது.

டிசம்பர் 23, செவ்வாய்

நாசமாய்ப் போக. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நேற்றோடு கட்டத் தையல், ஓரப் பட்டி எல்லாம் முடிந்தது. பிள்ளைக்குப் போடுமுன் ஒரு அலசு அலசிவிடலாம் என்று காலையில் வெந்நீரில் முக்கினேன். வாளி முழுக்கப் பச்சை. தூக்கினால் மஞ்சள் பச்சையாகியிருக்கிறது, வானநீலம் பாசியாகியிருக்கிறது. அது போதாதென்று அடித்துணி சுருங்கி, மேல்துணி எல்லாம் புடைத்துக்கொண்டு, வதங்கின கத்தரிக்காய் மாதிரி நிற்கிறது.

மேல்துணியில் ஒவ்வொரு பிட்டையும் நனைத்துப் பார்த்தேன், தேய்த்துப் பார்த்தேன், நூலை எரித்துக்கூடப் பார்த்தேன். அடித்துணியை நனைக்கவில்லை. பழைய சேலைதானே, எத்தனையோ தடவை துவைத்திருப்பார்கள், விடுகிற சாயமெல்லாம் எப்போதோ விட்டிருக்கும் என்று நம்பிவிட்டேன்.

கலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "உங்க அக்கா இந்தச் சேலைய எத்தன தடவ கட்டியிருக்கும்?"

கலா வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கட்டுனதே இல்லீங்கக்கா. அவங்க வூட்டு கிரகப்பிரவேசத்துக்கு வந்த சேலை. மடிப்பு கலையாம பீரோவுலயே வெச்சிருந்துச்சு. நல்லதா குடுக்கணும்னுதான் அதை எடுத்துக்கினு வந்துச்சு."

அவள்மேல் கோபப்படவும் முடியவில்லை. இருந்ததில் நல்லதைக் கொடுத்திருக்கிறாள், பாவம். பத்து வருடம் பீரோவுக்குள் இருந்தால் பழசு என்று அவள் நினைத்தாள். பழசு என்று சொன்னதை நான் நம்பினேன். உடம்பில் கிடந்து, வேர்வையில் ஊறி, கல்லில் அடிபட்டுப் பழசாவது வேறு. இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு யார் வேண்டும்? தினமும் துணியோடுதானே கிடக்கிறேன்.

பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அடித்துணியைப் பிரித்து வேறு போடலாம். பச்சையானது பச்சைதான். மாடிக் கயிற்றில் போட்டிருக்கிறேன். சொட்டிக்கொண்டே இருக்கிறது.

கையோடு பிளாஸ்க் சாம்பிளையும் கொதிநீரில் அலசிக் காயப்போட்டேன். அது ஒரு சொட்டு நிறம் விடவில்லை.

டிசம்பர் 25, வியாழன்

நேற்று எழுதவில்லை. எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன், வீட்டில், குளித்துவிட்டு.

நேற்றுக் காலை கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் கலா சத்தம், "அக்கா, தண்ணி ஒடைஞ்சிருச்சு!" கொழுந்தன் காருக்கு ஓடினார். நான் வெந்நீர் வைத்துப் பிளாஸ்கில் ஊற்றினேன். கொடியில் காய்ந்திருந்த சாம்பிளை எடுத்து அதைச் சுற்றிக் கட்டி, கையில் எடுத்துக்கொண்டேன். பனி, கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. தர்மபுரி ஜி.எச். போய்ச் சேரும்வரை பவி என் கையை நசுக்கிக்கொண்டே வந்தாள். விரல் இன்னும் வலிக்கிறது.

செல்வியும் மொரப்பூரிலிருந்து நேராக வந்துவிட்டாள். மூன்று பேரும் பிரசவ வார்டு வாசல் பெஞ்சில். பவி வீட்டுக்காரர் ஓசூரில் கம்பெனியில் இருந்து கிளம்பி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்.

ரொம்ப நேரம். பிறகு உள்ளே அழுகைச் சத்தம். அது இதுவா வேறா என்று தெரியாமல் மூவரும் எழுந்து நின்றோம். நர்ஸம்மா கதவைத் திறந்து, "பவித்ராவோட ஆள் யாருங்க? பொண்ணு. நல்லாருக்குது. பழைய காட்டன் துணி, துவைச்சது, குடுங்க சீக்கிரம்."

கலா பையைத் திறந்தாள். இரண்டு புதுத் துண்டு, அட்டை கூடக் கிழிக்காதது. பவி நைட்டி. சீப்பு. அவ்வளவுதான். துவைத்து மடித்து வைத்திருந்த துணிப்பை வீட்டில் கட்டில்மேலேயே தங்கிவிட்டது. அவசரத்தில் பை மாறிவிட்டது. கலா பையைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினாள்.

நர்ஸம்மா துண்டைத் தொட்டுப் பார்த்து, "இது வேணாங்க, புதுசு, சொரசொரன்னு இருக்குது. வேற இல்லீங்களா?" அப்போது என் கையில் இருந்ததைப் பார்த்தார். "அது என்ன துணி?"

"இதுங்களா? இது சாம்பிளுங்க."

என் வாயில் அதுதான் வந்தது. கை பிளாஸ்கை இறுக்கிக்கொண்டது. கொடுக்க வேண்டும் என்று தெரிகிறது, கை வரவில்லை. என் சேலை அது. நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு சளி காய்ச்சல் வந்தால்கூட என்னைச் சொல்வார்களோ என்ற பயம். பயந்தேன், உள்ளபடி எழுதுகிறேன்.

செல்வி, "அது அவங்களோட..." என்று ஆரம்பித்தாள்.

கலா அதற்குள் என் முன்னால் குனிந்து கட்டை அவிழ்த்துவிட்டாள். பிளாஸ்கை உருவி, "நீ இதைப் புடி" என்று தன் அக்கா கையில் திணித்தாள். துணியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். கனகாம்பரம். அவளுக்குத் தெரியாத சேலையா அது? "அக்கா, குடுத்துடறேங்க" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். கொடுத்துவிட்டாள்.

நர்ஸம்மா வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "அட, சூடா இருக்குதே! இந்தக் குளிருக்கு நல்லதாப் போச்சு." உள்ளே போய்விட்டார்.

செல்வி பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மூடியைத் திறந்து ஊற்றி எனக்குத்தான் முதலில் கொடுத்தாள். வெறும் வெந்நீர். குடித்தேன்.

கொண்டுவந்து காட்டினார்கள். முகம் மட்டும் வெளியே, மீதியெல்லாம் என் மஞ்சள் புள்ளியும் வானநீலமும். கொழுந்தன் ஜாடை. அழவில்லை பிள்ளை. நான்தான் அழுதேன், வார்டு பார்க்க. வெட்கமாக இருக்கிறது. இருக்கட்டும்.

டிசம்பர் 26, வெள்ளி

வெயில். மாடியில் பச்சைப் போர்வை காய்ந்துவிட்டது. முழுக்க ஒரே மாதிரி பச்சை. பவி வந்து பார்த்து என்ன சொல்வாளோ. கோணி என்றுதான் இவர் சொன்னார்.

பிளவுஸ் மூன்றும் அப்படியே. பால் சொசைட்டிக்காரர் இரண்டு தடவை வந்துவிட்டார். பேத்தி பிறந்திருக்கிறாள் என்றதும், திட்ட வந்தவர் வாழ்த்திவிட்டுப் போனார்.

பத்து மணி போலக் கலா போன். வார்டு இரைச்சல். "அக்கா, சாப்டீங்களா?" சாப்பிட்டேன். "பாப்பா அந்தத் துணிய நனைச்சிருச்சு. வேற துணி போட்டா நெளியுது, அழுவுது. பவி உங்ககிட்ட கேக்கச் சொல்லுது... அந்தக் கனகாம்பரச் சேலைல மீதி இருக்குதுங்களா? இருந்தா நாலஞ்சா கிழிச்சு எடுத்துக்கினு வாங்களேன்."

நான் பதில் சொல்வதற்குள் பின்னால் செல்வி குரல், ஊருக்கே கேட்கிற மாதிரி, "கரைய எடுத்துடச் சொல்லு! புள்ளைக்குக் குத்தும்!"

டிரங்குப்பெட்டியைத் திறந்தேன். சேலையைக் கட்டில்மேல் விரித்தேன். ஓரத்தில் பல்லால் ஒரு கடி, அப்புறம் கத்தரியே வேண்டாம், சர்ரென்று கையோடு வந்தது. வளையலும் கண்ணில் பட்டது, பீரோ திறந்திருந்ததால். அதையும் பையில் போட்டேன்.

இவர் தோட்டத்திலிருந்து வந்து வாசலில் நின்று பார்த்தார். "ஏன், கட்டற சேலையக் கிழிக்கற?"

"கேட்டாங்க."

"யாரு?"

"எல்லாரும்."

செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அந்தப் பக்கத்து முனையைப் பிடித்துக்கொண்டார். மாட்டுக் கயிறு மாதிரிதான் இழுக்கிறார். பரவாயில்லை, கிழிக்கத்தானே.

பதினொன்றரை பஸ்ஸுக்குள் கரையை வெட்டியாக வேண்டும்.